அப்பா கொடுத்த சாமி படம்

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்திலேயே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனை வைத்த பிறகு அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால்தான் கடிதம். இதில் நான் பாதியில் எழுந்து போக முடியாது, நீங்களும் குறுக்கே பேச முடியாது.

அம்மா உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். முதலில் இருந்து சொல்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு, நீங்கள் பள்ளிக்கு ஒரு பெரிய சாமி படம் கொடுத்தீர்கள் அல்லவா? அது இத்தனை நாள் நூலகத்துக்குப் பக்கத்து நடைபாதையில் இருந்தது. வேண்டியவர்கள் நின்று கும்பிட்டார்கள். நான் கடந்து போவேன். யாரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

இந்த வருடம் புதிதாகப் பெரிய டீச்சர் வந்தார். படத்தை முன்வாசலுக்குக் கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் சின்னச் சின்ன பல்புகள் போட்டுவிட்டார். உள்ளே நுழைகிற எல்லோரும் அதன் முன் நின்று, கண்ணை மூடி, தலை குனிந்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது சட்டம். இரண்டு பக்கமும் இரண்டு மாணவிகள் நோட்டோடு நிற்கிறார்கள். குனியாதவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். என் பெயர் இதுவரை பத்தொன்பது முறை ஏறியிருக்கிறது.

நான் கலாட்டா எதுவும் செய்யவில்லை. மற்றவர்கள் நிற்கிற நேரம் நானும் நிற்கிறேன். கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துவிட்டுப் போகிறேன். எனக்குச் சாமி மேல் நம்பிக்கை இல்லை, இது உங்களுக்கும் தெரியும். நம்பாமல் தலை குனிந்தால் அது பொய். பொய் பேசாதே என்று எழுதிய பலகை அதே வாசலில் நாலடி தள்ளி மாட்டியிருக்கிறது.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். "என் மகள் செய்தது தவறு, இனி ஒழுங்காக வணங்குவாள்" என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கல்லூரி விண்ணப்பத்தோடு வைக்கிற நன்னடத்தைச் சான்றிதழில் கட்டுப்பாடு இல்லாதவள் என்று எழுதுவார்களாம். அக்டோபரில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவிடம் நீட்டினேன். "அது உங்க அப்பா கொடுத்த படம். அவர்கிட்டயே கேளு" என்று தையலுக்குத் துணி வெட்டப் போய்விட்டாள்.

அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்

*

ஜூலை 14

வக்கீலம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டவள் நீ. அதற்காகத்தான் இந்தப் பெயர் வைத்தேன். அப்போது ஆசையாக இருந்தது.

பத்தொன்பது முறை பெயர் ஏறியதை மார்க் வாங்கியதுபோல் எழுதியிருக்கிறாய். தலை குனிய எத்தனை நொடி ஆகும்? நான் தினமும் கிரேன் கேபினுக்கு இருநூற்றுப் பதினெட்டு படி ஏறுகிறேன். அதில் எனக்கு என்ன நம்பிக்கை? ஏறச் சொன்னார்கள், ஏறுகிறேன். உலகத்தில் பாதி வேலை அப்படித்தான் நடக்கிறது.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தாய். இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதாக உன் அம்மா போனில் அழுதாள். நான் இந்தத் துறைமுகத்தில் இருந்தபடி வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தாய். அதற்கு நான் சொன்ன நன்றி அந்தப் படம். அதன் முன்னால் ஆயிரம் பிள்ளைகள் தலை குனிகிறார்கள், என் பெண் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் அந்த ஊரில் என் முகம் என்ன ஆவது?

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு. படிப்பு முடிகிற சமயத்தில் சான்றிதழைக் கெடுத்துக்கொள்ளாதே. இதைப் பற்றி இனி விவாதம் வேண்டாம்.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? வாஷர் மாற்றினால் போதும். ஆள் கூப்பிட வேண்டாம், நீயே செய்யலாம்.

அப்பா

*

ஜூலை 24

அன்புள்ள அப்பாவுக்கு,

வாஷர் மாற்றிவிட்டேன். ஒழுகவில்லை.

படிவத்தைக் கொடுக்கவில்லை. கிழித்துப் போடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உங்கள் கையெழுத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அதனால் திருப்பி அனுப்புகிறேன். வேண்டுமானால் நீங்களே பள்ளிக்குத் தபாலில் அனுப்புங்கள். என் கையால் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் ஆஸ்பத்திரி பற்றி எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன், ஏனென்றால் படுத்துக் கிடந்தது நான்.

அந்த வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் என்னுடையது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்த டாக்டரம்மாவுக்கு இடது காதில் மட்டும் கம்மல் இருக்கும். இன்னொன்று வேலை அவசரத்தில் எங்கோ விழுந்துவிட்டதாம். மூன்று நாள் அவர் வீட்டுக்கே போகவில்லை. என் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, தாடையைக் கையில் தாங்கியபடி தூங்கினார். நான் கண் திறந்ததும், "என்னடி, ஒருவழியா எங்களைப் பார்க்க மனசு வந்துச்சா?" என்றார். அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அவருக்கு எந்தப் படமும் கொடுக்கவில்லை, ஒரு நன்றிக் கடிதமும் எழுதவில்லை. போன வருடம் நான்தான் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. காய்ச்சலில் நான் சாமியைக் கூப்பிடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன். அம்மா, "வந்துட்டே இருக்காரு, வந்துட்டே இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நீங்கள் வந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேராகப் படம் வாங்கப் போனீர்கள்.

அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஆனால் நான் தலை குனியாமல் நிற்பது அந்தக் கோபத்தால் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 6

மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆயிற்று. கோபத்தில் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். இன்று கோபம் இல்லை. வேறு என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

நான் ஏன் வரவில்லை என்று உன் அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன். சின்னப் பெண் உனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அந்த வாரம் புயலில் ஒதுங்கியிருந்த பதினோரு கப்பல் ஒரே சமயத்தில் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. என் கிரேனுக்கு இரண்டு பேர். இன்னொருவன் கை எலும்பு முறிந்து படுத்திருந்தான். மேற்பார்வையாளரிடம் போய் என் பெண் சாகக் கிடக்கிறாள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "வேற ஆள் வந்து இறங்கின நிமிஷம் நீ கிளம்பலாம். அதுக்கு முன்னாடி போனா வேலையை விட்டுட்டுப் போறதா அர்த்தம்" என்றார். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. ஆஸ்பத்திரியும் உன் படிப்பும் இந்த வேலையில்தான் நடக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

கிரேன் கேபினுக்குத் தரை கண்ணாடி. இரண்டு காலுக்கும் நடுவே நாற்பது மீட்டர் கீழே கப்பல் தெரியும். கீழே இருக்கிறவர்கள் தலைக்கு மேல் இருபது டன் தொங்கும்போது கை நடுங்கக்கூடாது, கண்ணில் தண்ணீர் வரக்கூடாது. பத்து நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். கேபினில் உள்ளங்கை அளவு சாமி படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. நீ சாமியைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எனக்கு அங்கே கூப்பிட வேறு யாரும் இல்லை.

டாக்டரம்மாவுக்கு நீ எழுதியது நல்லது. எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பு.

ஆனாலும் சட்டம் என்று ஒன்று போட்டால் அதன்படி நடப்பதுதான் முறை என்றே இன்னும் நினைக்கிறேன். படிவம் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கு அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை.

அப்பா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு மட்டும் என்று எழுதியதுபோல் இருந்தது. பதினோரு கப்பல் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வயதில் எனக்குக் கப்பல் புரிந்திருக்கும்.

அதைப் பற்றி நேரில் பேசலாம். இப்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். எல்லோரும் அவளைப் பின்கேட் என்று கூப்பிடுவோம். அவள் வீட்டில் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். எந்தப் படத்தின் முன்னும் தலை குனியக்கூடாது என்பது அவர்கள் முறை. என்னைப்போல் நம்பிக்கை இல்லாதவள் இல்லை அவள். நம்மைவிட அதிகம் கும்பிடுகிறவள். முன்வாசல் சட்டம் வந்ததிலிருந்து சைக்கிள் நிறுத்துகிற பின்பக்கக் கேட்டு வழியாக, சுற்றிக்கொண்டு வருவாள். தினமும் ஐந்து நிமிடம் தாமதம். தினமும் ஒரு திட்டு. ஒரு நாளும் ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை. எனக்கு என் பத்தொன்பது முறைதான் பெரிதாக இருந்தது.

போன வாரம் பின்பக்கக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கணக்குப் பரீட்சை அன்று. அவள் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள், முன்பக்கம் வந்து பார்த்திருக்கிறாள். நோட்டோடு நின்ற பெண், "ரெண்டு செகண்ட் குனிஞ்சுட்டுப் போயேன், என்ன ஆகிடும்?" என்று நல்லவிதமாகத்தான் சொன்னாளாம். இவள் வாசலுக்கு வெளியே தெருவிளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்றுவிட்டாள். இரண்டரை மணி நேரப் பரீட்சை. நான் ஜன்னல் வழியாக அவள் பையின் சிவப்புப் பட்டையைப் பார்த்தேன். யாரென்று புரிய எனக்கு நேரம் ஆயிற்று. கணக்கு சார் போய்க் கூட்டிவந்தபோது முக்கால் மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. வகுப்பில் கணக்கில் முதல் ஆள் அவள். முப்பத்தெட்டு மார்க்.

அன்று மாலை நான் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். கத்தவில்லை. அவரும் கத்தவில்லை. "உட்காரு" என்றார்.

"நான் வந்த அன்னைக்கு இந்த வாசல் எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியும். ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க சந்தை மாதிரி உள்ள விழுவாங்க. மாடிப்படியில ஒருத்தி உருண்டு பல்லை உடைச்சுக்கிட்டா. இப்ப ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போறாங்க, அமைதியா போறாங்க. இதுல என்ன தப்பு?"

"நிக்கச் சொல்லுங்க டீச்சர், நிக்கறோம். குனியச் சொல்றதுதான் பிரச்சினை" என்றேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்தார். அதில் உங்கள் கடிதம் இருந்தது, அப்பா. படம் கொடுத்தபோது நீங்கள் எழுதியது. 'வ'வுக்கு நீங்கள் போடுகிற பெரிய சுழியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "இந்தப் பள்ளியில் நுழையும் ஒவ்வொரு பிள்ளையும் இதை வணங்கிவிட்டுச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

"உங்க அப்பா ஆசையைத்தான்மா நான் நிறைவேத்தறேன்" என்றார் பெரிய டீச்சர். வெளியே வந்து சைக்கிளைப் பூட்டினேனா திறந்தேனா என்றுகூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். அந்த வரியை வைத்துத்தான் ஒரு பெண்ணை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தெருவில் நிற்க வைத்தார்கள். எனக்காகக் கேட்கவில்லை. என் சான்றிதழில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அந்த வரியை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதை உங்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

உங்கள் மகள்

*

செப்டம்பர் 2

வக்கீலம்மாவுக்கு,

இந்த முறை அந்தப் பெயரைக் கோபத்தில் எழுதவில்லை.

அந்த வரி எனக்கு நினைவிருக்கிறது. உன் படிப்பு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். உயிர் பிழைத்த பெண்ணைப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லோரையும் கூப்பிட்டுக் கும்பிடச் சொல்லத்தான் தோன்றும். எதிரே வருகிறவன் யார், அவன் யாரைக் கும்பிடுகிறான் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

என் கிரேனில் மாறி மாறி வேலை செய்கிற இன்னொருவனைப் பற்றி எழுதினேன் அல்லவா, கை முறிந்தவன். அவனும் நம் சாமியைக் கும்பிடுகிறவன் இல்லை. ஒன்பது வருடமாக ஒரே கேபின், ஒரே நாற்காலி. நான் இறங்கினால் அவன் ஏறுவான். கேபினில் ஒட்டிய படத்தின் மேல் ஒரு நாளும் தூசி பார்த்ததில்லை. கண்ணாடி துடைக்கிறபோது அதையும் துடைத்துவிடுவான். இது என் புத்தியில் ஏறவே இல்லை. உன் கடிதம் வந்த பிறகு அவனிடம் கேட்டேன், "அது உன் சாமி இல்லையே, ஏன் துடைக்கிற?" என்று. "உன் பொருளு அழுக்கா கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். "என்னைக்காவது நான் உன்னைக் கும்பிடச் சொன்னா என்ன பண்ணுவ?" என்றேன். சிரித்தான். "சொல்லித்தான் பாரேன்" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் அன்றோடு அவன் வேறு கிரேனுக்குப் போயிருப்பான், எனக்கு ஒரு நல்ல ஆள் போயிருப்பான்.

பள்ளிக்கு இன்று ஒரு கடிதம் அனுப்பினேன். நீ பார்க்க வேண்டும் என்று நகல் எழுதுகிறேன்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியைக்கு, படம் கொடுத்தபோது ஒரு வரி எழுதினேன். அதை என் ஆசை என்றுதான் எழுதினேன். சட்டமாகப் போடச் சொல்லவில்லை. ஆனாலும் அப்படி எழுதியதே தவறு என்று இப்போது நினைக்கிறேன். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் பொருளைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்த வேண்டாம். கட்டாயப்படுத்தித்தான் அதை அங்கே வைக்க முடியும் என்றால் அதைக் கழற்றிவிடுங்கள். என் மகள் தலை குனியாமல் நிற்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை."

உன் படிவத்தையும் கிழித்துவிட்டேன். பள்ளிக் கடிதத்தின் கடைசி வரியை மூன்று முறை அடித்து எழுதினேன். எழுத வரவில்லை. நான் கும்பிடுகிறவன், கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பேன். நீ செய்வது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் உன் பக்கம்தான் நிற்பேன், இதை மட்டும் தெரிந்துகொள்.

அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் பரீட்சை மறுபடி வைக்கச் சொல்ல முடியுமா என்று பார்.

அப்பா

*

செப்டம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பள்ளிக்கு எட்டாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி காலையில் நோட்டோடு நிற்கிறவர்கள் இல்லை. பின்பக்கக் கேட்டு திறந்திருந்தது. பத்தாம் தேதி காலையில் முன்வாசலில் கண்ணாடிப் பெட்டியும் இல்லை. சுவரில் நான்கு ஆணி ஓட்டையும், பல்புக்கு இழுத்த வயரும்தான் இருந்தன.

பெரிய டீச்சர் காலைக் கூட்டத்தில் ஒரே வரி சொன்னார்: "கொடுத்தவரே வேணாம்னு சொல்லிட்டாரு, எடுத்தாச்சு." அதற்குப் பிறகு என் பக்கம் ஒரு பார்வை. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கணக்கு சார், பின்கேட் என்று சொன்னேனே, அவளுக்கு மட்டும் தனியாகப் பரீட்சை வைத்தார். தொண்ணூற்றாறு. அவள் என்னிடம் வந்து நன்றி என்று சொல்லவில்லை. மதிய இடைவேளையில் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "உன் கணக்கு நோட்டு எடு. நீ போடற முறை எல்லாமே சுத்திச் சுத்திப் போகுது" என்றாள். இப்போது தினமும் அரை மணி நேரம் அவளிடம் கணக்குக் கற்கிறேன். அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். மற்றவர்களும் பழகுவார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நான்கு நாள் துள்ளிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காற்று இறங்கிவிட்டது.

வகுப்புகளைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைப் பார்த்தால் எப்போதும், "என்ன, நேத்து மார்க் வந்துச்சா?" என்று கேட்பார். நாலைந்து நாளாகக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் போய் நிறுத்திக் கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"நான் காலையில ஆறரை மணிக்கு வர்றேன். ஒருத்தரும் வர்றதுக்கு முன்னாடி. அந்தப் படத்துக்கு முன்னால நிப்பேன். என்னை யாரும் நிக்கச் சொல்லல. நோட்டுல என் பேரு ஏறல. நாலு வருஷமா நூலகத்துக்கிட்ட நின்னேன், வாசலுக்கு மாத்தினதும் வாசல்ல நின்னேன். என் பையன் வீட்டை விட்டுப் போனதுலேருந்து எனக்குப் பேச அந்த ஒரு இடம்தான். நீங்கல்லாம் படிச்சவங்க, உங்களுக்குள்ள சண்டை போட்டு எடுத்துட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை, அப்பா. பரீட்சைக்கு வெளியே நின்றவளையும் கேட்காமல் இருந்தேன், இவரையும் கேட்காமல் இருந்தேன். நான் கேள்வி கேட்கிறவள் என்று பெயர் வாங்கினவள்.

படம் எங்கே என்று தேடினேன். உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கிற அறையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஒரு மூலையில் விரிசல். பார்த்ததும் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். சாமி படம் என்பதற்காக இல்லை. பின்பக்கம் பலகையில் என் பெயரும் நான் வீடு திரும்பிய தேதியும் பென்சிலால் எழுதியிருந்தது. நீங்கள் எழுதியது. இத்தனை நாள் அதை யாரும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது என்ன செய்ய? அது உங்கள் பொருள். வீட்டுக்கு எடுத்துவரவா?

உங்கள் மகள்

*

செப்டம்பர் 27

மகளுக்கு,

உடைந்த பெஞ்சோடு கிடக்கிறது என்று படித்தபோது வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கழற்றிவிடுங்கள் என்று எழுதியவனும் நான்தானே. எழுதும்போது இப்படிக் கழற்றுவார்கள் என்று நினைக்கவில்லை.

என்ன செய்ய என்று என்னைக் கேட்கிறாய். முன்பு ஒரு தடவை அந்தப் படத்துக்காக நான் ஆசைப்பட்டு எழுதி என்ன ஆயிற்று என்று பார்த்தோம். இந்தத் தடவை நான் ஒன்றும் எழுதவில்லை. நீ பார்த்துச் செய். வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் சரி, வேறு எதுவானாலும் சரி.

தூக்குவதானால் ஒருத்தியாகத் தூக்காதே. படச்சட்டம் தேக்கு, கனம் ஜாஸ்தி. இரண்டு பேராவது வேண்டும். அடியில் பிடித்துத் தூக்கு, பக்கத்தில் பிடித்தால் ஆணி பிடுங்கிக்கொள்ளும். விரிசல் விட்ட கண்ணாடியை முதலில் கழற்றிவிடு, கையைக் கிழித்துவிடும்.

நவம்பர் பன்னிரண்டிலிருந்து ஒரு மாதம் லீவு வாங்கியிருக்கிறேன். கொடுத்தவர் அந்த மேற்பார்வையாளரேதான், இப்போது தலை நரைத்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது, "பொண்ணு இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டார். என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு இருக்கிறாள் என்றேன்.

அப்பா

*

அக்டோபர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி இரண்டு பேராகத் தூக்கினோம். இன்னொருத்தி யார் தெரியுமா? கணக்கு சொல்லித் தருகிறவள்தான். நான் அவளைக் கேட்கத் தயங்கினேன். அவளே, "நான் அதைக் கும்பிட மாட்டேன்னுதான் சொன்னேன். தூக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?" என்று பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கனம் ஜாஸ்திதான். நடைபாதையில் இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கினோம். வழியில் பெரிய டீச்சர் எதிரே வந்தார். நாங்கள் இருவர், நடுவில் சாமி. அவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பணியாளர்கள் உடை மாற்றுகிற சின்ன அறை ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோனோம். அந்த அறை அவர்களுடையது. வேண்டாதவர் யாரும் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. முன்னாலேயே அங்கே வேலை செய்கிற ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள். வாட்ச்மேன் தாத்தா மட்டும், "எனக்கு அதுல ஈடுபாடு இல்ல. ஆனா என் துண்டு மாட்டற ஆணியில மட்டும் கை வைக்காதே" என்றார். அந்த ஆணியை விட்டுவிட்டோம்.

பெருக்கும் அக்கா வந்து கதவருகில் நின்றார். படத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "கோணலா இருக்கு. இடது பக்கம் ஒரு விரல் தூக்கு" என்றார். தூக்கினேன். "போதும்." நான் அடித்த முதல் ஆணி வளைந்துவிட்டது. அவரே வாங்கி அடித்தார், இரண்டே அடி. முந்தானையால் படத்தைத் துடைத்தார். நான் ஓரமாகத் தயங்கி நின்றேன். இப்போது என்ன செய்வது மரியாதை என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னும் ஏன் நிக்கற? நீ குனிய வேணாம், நான் குனியறதை நின்னு பார்க்கவும் வேணாம். வகுப்புக்கு மணி அடிச்சாச்சு, போ."

போனேன். மறுநாள் மாடிப்படியில் பார்த்தபோது, "என்ன, மார்க் வந்துச்சா?" என்று கேட்டார். இந்த முறை கணக்கில் எண்பத்தொன்று என்றேன். "இன்னும் ஒம்போது எங்க போச்சு?" என்றார். தொண்ணூறுக்குக் கணக்குப் போட்டுக் கேட்டார். நூறு என்று நான் சொல்லவில்லை.

இன்று நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள். உறையில் போட்டு ஒட்டாமல் கொடுத்தார் பெரிய டீச்சர். "எழுதினதை நான் மாத்த மாட்டேன். படிச்சுப் பார்த்துக்கோ" என்றார். அவர் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். "நடத்தை: நன்று" என்று எழுதி, கீழே தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: "பிடிவாதம் மிக அதிகம். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை நகர மாட்டாள்." இது பாராட்டா குறையா என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அந்த வரியை நானே நிரூபித்ததாக ஆகிவிடும் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். துணி வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு முறை படித்தாள். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"இது யாருக்குக் குடுத்த சான்றிதழ்டி? உனக்கா, உங்க அப்பாவுக்கா?"

விண்ணப்பத்தோடு அதையும் வைத்து இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.

உங்கள் மகள்